கிளட்ச் கட் ஆகாத மாருதி 800: திருப்பிப் பொருத்திய பிளேட்டைச் சரிசெய்த விதம்

புதிய கிளட்ச் பொருத்திய பிறகு, என்ஜின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் எளிதாக விழுந்து, என்ஜின் ஓடத் தொடங்கியதும் ஒன்றுகூட விழாமல் பல் அரைபடும் சத்தம் மட்டும் கேட்டால், கோளாறு கியர்பாக்ஸில் இல்லை. கிளட்ச் கட் ஆகவில்லை; அதாவது பெடலை மிதித்தாலும் என்ஜினிலிருந்து கியர்பாக்ஸ் விடுபடவில்லை. என் அக்கா மகன் ஈரோட்டில் தன் வீட்டுப் போர்டிகோவிலேயே 2006 மாடல் மாருதி 800 காருக்குக் கிளட்ச் மாற்றி முடித்தபோது இந்த நிலைதான் ஏற்பட்டது. பெடலைத் தரையோடு மிதித்தாலும் ரிவர்ஸ் விழவில்லை. முதல் கியரை வலிந்து தள்ளினால் வண்டி முன்னால் உதறிக்கொண்டு என்ஜின் நின்றுவிட்டது. பிழை எங்கே நேர்ந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தோம், இரண்டாம் முறை கியர்பாக்ஸை இறக்கியபோது எவற்றையெல்லாம் பார்த்தோம் என்பதை எழுதிவைத்தால், சொந்தமாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

சொந்தக் கையால் கிளட்ச் மாற்றிப் பழக விரும்புகிறவர்களுக்கு மாருதி 800 நல்ல வண்டி என்பது என் கருத்து. 1983-இல் விற்பனைக்கு வந்து 2014-இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட இந்தக் காரில் 796 சிசி கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் என்ஜின் குறுக்குவாட்டில் அமர்ந்திருக்கிறது. கிளட்ச் ஹைட்ராலிக் அல்ல, கேபிளால் இயங்குவது. கியர்பாக்ஸும் பெரிய கார்களோடு ஒப்பிட்டால் எடை குறைவானது. உதிரிபாகங்கள் இன்றும் சிறிய ஊர்களில்கூடக் கிடைக்கின்றன. ஆனால் வண்டி எளிமையானது என்பதால் கிளட்ச் எனும் பாகம் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் என்று எண்ணிவிடக் கூடாது.

கிளட்சின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃபிளைவீலுக்கும், அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கப்பட்ட பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் நெரிபட்டு நிற்கிறது. அந்தப் பிளேட்டின் நடுவிலுள்ள பற்களுக்குள் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுழைந்திருக்கிறது. பெடலை மிதிக்கும்போது கேபிள் ஃபோர்க்கை இழுக்க, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, பேரிங் பிரஷர் பிளேட்டின் டயாஃபிரம் ஸ்பிரிங் விரல்களை அழுத்த, அந்த ஸ்பிரிங்கின் மறுமுனை பின்வாங்கி பிளேட்டை விடுவிக்கிறது. இப்படி விடுபடும்போது உண்டாகும் இடைவெளி மிகச் சிறியது. பெரும்பாலான சிறிய கார்களில் பிரஷர் பிளேட் பின்வாங்கும் தூரமே ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டர்தான்; அதையும் பிளேட்டின் இரு பக்கமும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே பிளேட் சற்று வளைந்திருந்தாலும், நடுப்பகுதி எங்காவது முட்டினாலும், ஸ்ப்ளைன் பற்களில் சரளமாக நகராவிட்டாலும் கிளட்ச் முழுமையாக விடுபடாது.

நான் போனபோது மருமகன் கேபிளை இறுக்கிக்கொண்டிருந்தான். அட்ஜஸ்டிங் நட்டு ஏறக்குறைய திருகு முடியும் இடம்வரை வந்திருந்தது. "மாமா, இன்னும் ரெண்டு திருகு இறுக்கிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லி, நட்டைப் பழைய இடத்துக்கே திருப்பிக் கொண்டுவரச் சொன்னேன். உள்ளே இருக்கும் பிழையை வெளியே இருக்கும் கேபிளால் மறைக்க முயல்வதுதான் இந்த வேலையில் மிகவும் கெடுதலான பழக்கம். பெடல் கனமில்லாமல் இறங்கும் தொடக்கத் தூரமான ஃப்ரீ பிளே முழுவதையும் தின்றுவிட்ட கேபிள், பெடலில் கால் வைக்காத நேரத்திலும் ரிலீஸ் பேரிங்கை ஸ்பிரிங் விரல்களின்மீது அழுத்திக்கொண்டே இருக்கும். பேரிங் ஓய்வின்றிச் சுழன்று சத்தம் போடத் தொடங்கும். பிளேட்டின் பிடி தளர்ந்து ஸ்லிப் ஆகும். ஸ்பிரிங்கை அதன் எல்லைக்கு அப்பால் தள்ளினால் விரல்கள் வளைந்து பிரஷர் பிளேட்டும் வீணாகும். கேபிள் சரியான அளவில் இருக்கும்போது கிளட்ச் கட் ஆகவில்லையென்றால், கியர்பாக்ஸை மீண்டும் இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இறக்குவதற்கு முன்னால் வெளியிலிருந்தே செய்துபார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு. அவற்றைச் செய்யாமல் இறக்கினால், திறந்த பிறகு எதைத் தேடுகிறோம் என்பதே தெரியாமல் போகும். முதலில் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வண்டிக்கு முன்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டோம். என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, பெடலை முழுவதும் மிதித்து, சில நொடிகள் காத்திருந்து ரிவர்ஸ் போட்டுப் பார்த்தோம். ரிவர்ஸ் கியருக்குப் பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோமெஷ் கிடையாது என்பதால் இன்புட் ஷாஃப்ட் சற்றே சுழன்றாலும் பல் அரையும். நல்ல கிளட்சாக இருந்தால் அந்தச் சில நொடிகளில் ஷாஃப்ட் நின்று, ரிவர்ஸ் சத்தமின்றி விழ வேண்டும். இங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அரைபடும் சத்தம் மாறவில்லை. அதாவது பிளேட் இன்னும் என்ஜினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்து என்ஜினை நிறுத்திவிட்டு, முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டோம். மருமகனைப் பெடலை மிதித்தபடி உட்காரச் சொல்லி, நான் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். கிளட்ச் விடுபட்டிருந்தால் சக்கரம் சற்று இறுக்கத்தோடாவது சுற்றும். விடுபடாவிட்டால் என்ஜினையே சுற்றவேண்டிய கனம் கையில் தெரியும். எனக்குக் கையில் தெரிந்தது என்ஜினின் கனம். கடைசியாக பானெட்டைத் திறந்து, பெடலை மிதிக்கும்போது ஃபோர்க்கின் வெளிமுனை எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தோம். கேபிள் ஒழுங்காக இழுத்தது. ஃபோர்க் முழுத் தூரமும் சென்று திரும்பியது. ஃபோர்க் நகர்கிறது, ஆனால் பிளேட் விடுபடவில்லை என்றால் குறை ரிலீஸ் பேரிங்குக்கும் ஃபிளைவீலுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். இதே அறிகுறி ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியில் தோன்றியிருந்தால் முதலில் குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்த்திருப்போம். கேபிள் வண்டியில் அந்த ஐயத்துக்கே இடமில்லை.

இதற்கிடையில் அவனிடம் கேட்டறிந்த இரண்டு செய்திகள் எனக்கு வழிகாட்டின. பழைய பிளேட்டைக் கழற்றியபோது அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறித்துவைக்கவில்லை. கையில் வந்ததும் தரையில் வைத்துவிட்டான். புதிய பிளேட்டின் மேல் இருந்த எண்ணெய்ப் பசையைத் துடைப்பதற்காகத் தின்னர் போட்டுத் துடைத்தபோது, மையால் அச்சிட்டிருந்த 'ஃபிளைவீல் சைடு' என்ற எழுத்தும் சேர்ந்து அழிந்துவிட்டது. பிளேட்டின் நடுத்துளை இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால், பிளேட்டை நடுவில் நிறுத்த உதவும் அலைன்மென்ட் டூல் எப்படி வைத்தாலும் நுழையும். பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளும் ஏறிவிடும். தவறாகப் பொருத்தியிருக்கிறோம் என்று அந்த நேரத்தில் எதுவுமே தடுத்துச் சொல்லாது. வண்டியை ஓட்டும்போதுதான் தெரியவரும். பல காலம் இந்த வேலையைச் செய்துவருகிற மெக்கானிக்குகளுக்கும் இது நேர்ந்து நான் பார்த்திருக்கிறேன் என்பதால், அவனை நான் குறை சொல்லவில்லை.

மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றும் பகுதியை விரிவாக எழுதவில்லை. பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுவது, கியர் ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் வடிப்பது, ஸ்டார்ட்டர், கேபிள்கள், கியர் ராடு, டிரைவ் ஷாஃப்டுகள் என்று ஒவ்வொன்றாக விடுவிப்பது, என்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்குவது ஆகிய யாவும் கையேட்டில் உள்ளவையே. ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வண்டியை ஜாக்கியின்மீது மட்டும் நிறுத்திவிட்டு யாரும் அடியில் போகக் கூடாது. இருபுறமும் உறுதியான ஸ்டாண்டு இருக்க வேண்டும். இரண்டாம் முறை கழற்றும்போது சலிப்பும் அவசரமும் சேர்ந்துகொள்வதால், முதல் முறை கவனமாக இருந்தவர்கள்கூட இந்த இடத்தில் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள்.

கியர்பாக்ஸ் விலகி வந்ததும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்தி எடுத்தோம். ஒரே பக்கமாகத் தளர்த்தினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் அதன் உறையைக் கோணலாக்கிவிடும். பிளேட் கையில் வந்ததும் காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. பிளேட்டின் நடுவில் அதிர்வைத் தாங்கும் சுருள் ஸ்பிரிங்குகள் ஒரு தகட்டுக் கூட்டுக்குள் அடங்கியிருக்கும். அந்தக் கூடு ஒரு பக்கம் அதிகமாகப் புடைத்திருக்கும். புடைத்த பக்கம் கியர்பாக்ஸை நோக்கி, பிரஷர் பிளேட்டின் நடுத்துளைக்குள் அமர வேண்டும். தட்டையான பக்கம் ஃபிளைவீலை நோக்கி இருக்க வேண்டும். இங்கே புடைத்த பக்கம் ஃபிளைவீலைப் பார்த்திருந்தது. அந்தக் கூட்டின் விளிம்பில் வட்டமாக ஒரு மெல்லிய கோடு, கத்தி தீட்டிய ஓரத்தைப் போலப் பளபளத்தது. ஃபிளைவீலைக் கிராங்க் ஷாஃப்டோடு பிணைக்கும் போல்ட்டுகளின் தலைகளிலும், வெளிப்பக்க விளிம்பில் மட்டும், கறுப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளை உலோகம் தெரிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கோடும் தேய்மானமும் ஒன்றோடொன்று பொருந்தின. பெடலை மிதித்துப் பிரஷர் பிளேட் பின்வாங்கிய பிறகும் கூடு போல்ட் தலைகளில் உரசிக்கொண்டே இருந்ததால்தான் பிளேட் நிற்காமல் சுற்றியிருக்கிறது.

"அப்படின்னா திருப்பிப் போட்டா போதும்ல மாமா?" என்றான். அந்த இடத்தில் நிறுத்திவிடக் கூடாது என்பதே நான் இதில் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. தவறாகப் பொருத்திய பாகம் ஓடிய நேரத்தில் அது மற்றப் பாகங்களுக்கு என்ன செய்தது என்று பார்க்காமல் மூடினால், மூன்றாம் முறையும் கியர்பாக்ஸை இறக்க நேரிடும். ஆகையால் ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம்.

பிளேட்டின் உராய்வுப் பரப்பான லைனிங்கில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தெறித்த கிரீஸ் புள்ளிகள் இருந்தன. ஸ்ப்ளைன் பற்களில் அளவுக்கு மேல் கிரீஸ் பூசியிருந்ததால் சுழற்சியில் அது தெறித்திருக்கிறது. லைனிங்கில் ஊறிய கிரீஸைத் துடைத்து எடுத்துவிட முடியாது. மேலே சுத்தமாகத் தெரிந்தாலும் சூடேறும்போது உள்ளிருந்து கசிந்து, வண்டி கிளம்பும் ஒவ்வொரு முறையும் உதறும். கூட்டின் விளிம்பும் தேய்ந்திருந்தது. அதன் ரிவெட்டுகளில் ஒன்றின் தலையும் உரசல் பட்டிருந்தது. இந்த இரண்டு காரணங்களால் அந்தப் பிளேட்டைத் திரும்பப் போட நான் சம்மதிக்கவில்லை. பிளேட் மட்டும் தனியாகக் கிடைக்கிறது. அதன் விலையைவிடக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் உழைப்பு பெரிது. பணம் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

பிரஷர் பிளேட் தப்பியிருந்தது. டயாஃபிரம் விரல்களின் நுனிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தன. அழுத்தும் பரப்பில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்போ விரிசலோ இல்லை. கேபிளை முடியும்வரை இறுக்கிய நிலையில் வண்டியை அதிக நேரம் ஓட்டியிருந்தால் அதுவும் தப்பியிருக்காது. ரிலீஸ் பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றியதில் சொரசொரப்பில்லாமல் சுழன்றது. அதை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவ அவன் எடுத்தபோது தடுத்தேன். மூடிய வகைப் பேரிங்குக்குள் இருக்கும் கிரீஸ் கரைந்து போய்விட்டால் அது விரைவில் கெட்டுவிடும். வெளிப்புறத்தைத் துணியால் துடைத்தால் போதும். இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் சிறிய பேரிங்கையும் விரலால் சுற்றிப் பார்த்தோம். அது இறுகியிருந்தால் பிளேட் சரியாக விடுபட்டாலும் ஷாஃப்ட் சுழன்றுகொண்டே இருக்கும்; அறிகுறி இதே மாதிரிதான் தெரியும். நல்ல வேளையாக அதில் பழுதில்லை. கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலும் கியர்பாக்ஸின் முன்பக்க சீலும் ஆயில் கசிவின்றி உலர்ந்திருந்தன.

உரசலில் உதிர்ந்த தூளை ஊதிச் சுத்தம் செய்யக் கூடாது. பழைய வகை லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துக்கூட உயிருக்கு ஆபத்தான நோயைக் கொண்டுவரும். மூக்கை மூடிக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனியாகக் கட்டி அப்புறப்படுத்தினோம். பிறகு ஃபிளைவீலையும் பிரஷர் பிளேட்டின் பரப்பையும் பிரேக் கிளீனரால் துடைத்து, ஃபிளைவீலில் மெல்லிய எமரி தாளால் லேசாகத் தேய்த்து மீண்டும் துடைத்தோம். அதற்குப் பின் அந்தப் பரப்புகளை வெறும் விரலால் யாரும் தொடவில்லை.

புதிய பிளேட்டை உடனே பொருத்திவிடாமல் மூன்று காரியங்கள் செய்தோம். முதலில், அதைக் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டில் நுழைத்து, தடையின்றி முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பார்த்தோம். கடையில் வேறு வண்டியின் பிளேட்டைத் தந்திருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். ஸ்ப்ளைனில் மிக மெல்லிதாகக் கிரீஸ் தடவி, பிளேட்டைப் பல முறை முன்னும் பின்னும் நகர்த்தி, வெளியே பிதுங்கியதை முழுவதும் துடைத்தெடுத்தோம். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கிரீஸ் இருந்தால் அது அதிகம் என்று கொள்ளலாம். அடுத்து, பிரஷர் பிளேட் இல்லாமல் பிளேட்டை மட்டும் ஃபிளைவீலின்மேல் கையால் அழுத்திப் பிடித்துச் சுற்றினோம். லைனிங் சுற்றிலும் படிந்து, நடுப்பகுதி எந்தப் போல்ட்டையும் தொடாமல் சுழன்றது. பிறகு வேண்டுமென்றே பிளேட்டைத் திருப்பிவைத்து அதே மாதிரி சுற்றச் சொன்னேன். லைனிங் ஃபிளைவீலில் முழுமையாகப் படியாமல் ஆடியது. போல்ட் தலையில் தகடு உரசும் சத்தமும் கேட்டது. பிளேட்டின் மேல் எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் சோதனை பொய் சொல்லாது. மூன்றாவதாக, சரியான நிலையில் இருக்கும் பிளேட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துவைத்தோம்.

அலைன்மென்ட் டூலை நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட்டை அதன் இடத்தைக் காட்டும் டோவல் பின்களில் அமர்த்தி, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக ஏற்றி, கடைசியில் டார்க் ரென்ச்சால் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கினோம். இறுக்கி முடித்ததும் டூல் சிக்காமல் வெளியே வந்து, மறுபடியும் சிக்காமல் உள்ளே போக வேண்டும். அப்படிப் போகவில்லையென்றால் பிளேட் நடுவில் இல்லை. போல்ட்டுகளைத் தளர்த்தி மீண்டும் நடுநிலைப்படுத்த வேண்டும். இந்த வேலையில் பொறுமை காட்டுவது, பின்னால் கியர்பாக்ஸைக் கையில் ஏந்திக்கொண்டு போராடுவதைத் தவிர்க்கும்.

முதல் முறை கியர்பாக்ஸ் என்ஜினோடு முழுவதும் சேராமல் விரற்கடை இடைவெளியில் நின்றுவிட்டதாகவும், கிளட்சை மூடும் பெல் ஹவுசிங் என்ற கூட்டின் போல்ட்டுகளை இறுக்கி இழுத்துச் சேர்த்ததாகவும் அவன் சொன்னான். அதைக் கேட்டதும் ஹவுசிங்கில் போல்ட் நுழையும் காதுகளை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தேன். அலுமினிய வார்ப்பு அப்படி இழுக்கப்பட்டால் காதோடு உடைந்துவிடும்; பிளேட்டின் நடுப்பகுதியும் வளைந்துபோகும். விரிசல் எதுவும் இல்லை. இந்த முறை கியர்பாக்ஸை அடியில் ஜாக்கி வைத்துத் தாங்கி, என்ஜினுக்கு நேர்க்கோட்டில் கொண்டுவந்து, டாப் கியரில் போட்டு, அவன் டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் மெதுவாகச் சுற்ற, நான் உள்ளே தள்ளினேன். ஸ்ப்ளைன் பற்கள் பொருந்திய கணத்தில் கியர்பாக்ஸ் தானாக உள்ளே போய், என்ஜின் முகத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டியது. கையால் தள்ளியே முழுவதும் சேர வேண்டும். அதுவரை ஒரு போல்ட்டைக்கூட இறுக்கக் கூடாது. கியர்பாக்ஸின் எடையை அரை வழியில் இன்புட் ஷாஃப்டில் தொங்கவிடவும் கூடாது. புதிய பிளேட் வளைவதற்கு அது ஒன்றே போதும்.

மற்றவற்றை வந்த வழியே பூட்டினோம். டிரைவ் ஷாஃப்டுகள் உள்ளே அமர்ந்ததும் கையால் வெளியே இழுத்துப் பார்த்து, பூட்டு வளையம் பிடித்துவிட்டதை உறுதிசெய்துகொண்டோம். கியர் ஆயிலை நிரப்பும் துளையின் விளிம்புவரை ஊற்றினோம். கேபிளைப் பூட்டி, பெடல் மேலிருந்து கனமில்லாமல் சற்றுத் தூரம் இறங்கி, அதன் பிறகு கனம் தெரியும்படி ஃப்ரீ பிளே வைத்தோம். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், சக்கரத்தைத் தூக்கிச் செய்த சோதனையை மீண்டும் செய்தோம். பெடலை மிதித்ததும் சக்கரம் என் கையில் சுற்றியது, விட்டதும் இறுகியது. என்ஜினை ஓடவிட்டு, பெடலை மிதித்துச் சில நொடிகள் கழித்து ரிவர்ஸ் போட்டபோது சிறு சத்தமும் இல்லாமல் விழுந்தது. மருமகனின் முகத்தில் அப்போது தெரிந்த நிம்மதி எனக்கும் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது.

புதிய லைனிங் ஃபிளைவீலோடு நன்றாகப் படியும்வரை, முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்கு மேட்டில் அரைக் கிளட்சில் நிறுத்தாமலும், என்ஜினை அதிகம் முறுக்காமலும் ஓட்டச் சொன்னேன். லைனிங் தேயத் தேய டயாஃபிரம் விரல்கள் பேரிங்கை நோக்கி வருவதால் கேபிள் கிளட்சில் ஃப்ரீ பிளே குறைந்துகொண்டே வரும். அதனால் அவ்வப்போது பெடலைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவைத்திருந்தேன். சென்ற வாரம் அவன் வண்டியைக் கொண்டுவந்தபோது ஃப்ரீ பிளே சற்றுக் குறைந்திருந்தது. அட்ஜஸ்டிங் நட்டை அவனே தேவையான அளவு தளர்த்தி, லாக் நட்டை இறுக்கிவிட்டு, பெல் ஹவுசிங்கின் கீழ்ப்பக்கம் ஆயில் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். கசிவு இல்லை.